கப்பல் பயணம்: சென்னையில் ஏறுவதா, சிங்கப்பூரில் ஏறுவதா?

சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பும்போது எதற்காகச் சிங்கப்பூர் வரை பறக்க வேண்டும்? எழுபதைத் தாண்டிய அம்மாவையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலில் போகலாம் என்று பேச்செடுத்ததும் வீட்டில் எல்லோரும் கேட்டது இதைத்தான். யோசித்து யோசித்துச் சிங்கப்பூரையே தேர்ந்தெடுத்தோம். இன்னொரு முறை போனாலும் அங்கேதான் ஏறுவேன்.

செலவில் சென்னைதான் மலிவு, அதில் சந்தேகமே வேண்டாம். விமான டிக்கெட் இல்லை, ஹோட்டல் இல்லை, இந்தியக் கரையோரமாக மட்டும் போய் வரும் பயணம் என்றால் விசாவும் இல்லை. நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி, சைவச் சாப்பாடு எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. ஜெயின் சாப்பாடுகூடக் கிடைக்கிறது. ஆகவே அவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

எங்களுக்கு முடிவைச் சொன்னது கடல். கப்பல் ஆடுமா, ஆடாதா என்பதுதான் கேள்வி. அம்மாவுக்கு மலைப்பாதை பஸ்ஸிலேயே குமட்டும். தலைசுற்றிப் படுத்துவிட்டால் கப்பலில் எத்தனை உணவகம் இருந்து என்ன பயன்?

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைத் தாண்டினால் உடனே திறந்த வங்கக்கடல். குறுக்கே தடுக்க ஒரு தீவும் கிடையாது. இங்கிருந்து கப்பல்கள் பொதுவாக ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஓடுகின்றன. அது கச்சான் காற்றின், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். கரையில் நின்று பார்த்தால் கடல் அமைதியாகத் தெரியலாம். ஆனால் தெற்கே போகப் போக, குறிப்பாக இலங்கையின் தென்கோடியில் அம்பாந்தோட்டைப் பக்கம், அந்தக் காற்று நேராக வந்து மோதும் கடல் அது.

சிங்கப்பூரிலிருந்து வடமேற்கே போகும் கப்பல் மலாக்கா நீரிணைக்குள் நுழைகிறது. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. இரண்டு கரையும் காற்றை மறித்துக்கொள்வதால் பெரிய அலை எழும்ப இடமில்லை. சில மாதங்களில் விடியற்காலையில் திடீர் மழைக்காற்று வீசும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் எந்த ஊருக்குப் போகும் கப்பல் என்று பார்த்து வாங்க வேண்டும். மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு இரண்டும் நீரிணைக்குள் இருப்பவை. தாய்லாந்தின் புக்கெட் அப்படியல்ல, அது அந்தமான் கடலைப் பார்த்த ஊர். மே முதல் அக்டோபர் வரை அங்கேயும் அலை அடிக்கும். பள்ளி விடுமுறைக்கு மே மாதம் போகிறவர்கள் புக்கெட்டை விட்டுவிட்டுப் பினாங்குப் பாதையை எடுப்பது நல்லது.

கப்பலின் அளவும் சேர்ந்துகொள்கிறது. சென்னையிலிருந்து ஓடிய எம்ப்ரஸ் 1990-இல் கட்டியது, கொள்ளளவு 48,000 டன்னுக்குச் சற்று மேல். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஜென்டிங் ட்ரீம் 2016-இல் வந்தது, ஒன்றரை லட்சம் டன், நீளம் 335 மீட்டர். நவீனக் கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்க இருபக்கமும் நீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருக்கும் என்றாலும், ஒரே அலையில் சின்னக் கப்பல்தான் அதிகம் ஆடும். எங்கள் பயணத்தில் அம்மா மாத்திரை டப்பாவைத் திறக்கவே இல்லை. இரவு நடந்தபோது கப்பல் நகர்கிறதா என்று கேட்டார். இது ஒரு பருவத்தில் நாங்கள் கண்டது. சென்னைக் கப்பலில் நான் ஏறியதில்லை. போய் வந்த உறவினர்கள் சந்தோஷமாகத்தான் பேசினார்கள், ஆனால் அவர்கள் யாருக்கும் பயணக் குமட்டல் இல்லை.

சிங்கப்பூருக்கு நீங்கள் கொடுக்கும் விலை பணத்தோடு போவதில்லை. கப்பலில் ஏறினாலே நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி இறங்கும்போது மறுபடியும் நுழைகிறீர்கள். அதனால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். விண்ணப்பிக்கும்போதே ஏஜெண்டிடம் கப்பல் பயணம் என்று சொல்லிவிடுங்கள். மலேசியா இந்தியர்களுக்குத் தற்போது விசா கேட்பதில்லை, ஆனாலும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். விமானத்தில் அன்றைக்கே போய் இறங்கிக் கப்பலைப் பிடிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். மரினா பே, ஹார்பர்ஃப்ரண்ட் என்று இரண்டு முனையங்கள் இருப்பதால் டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு டாக்ஸி ஏறுங்கள். கப்பலில் தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் போடுவார்கள், இணைய வசதிக்கும் தனிக்காசு. இவற்றையெல்லாம் கூட்டிய பிறகே சென்னை விலையோடு ஒப்பிட வேண்டும். திருச்சி, கோவைக்காரர்களுக்கு மட்டும் இந்த இடைவெளி கொஞ்சம் குறையும், அங்கிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது.

இறங்கும் ஊர்களைப் பொறுத்தவரை எங்களுக்குப் பினாங்குதான் பிடித்தது. ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கும் தூரம். 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் குவீன் வீதியில் இருக்கிறது. அம்மா தமிழிலேயே பேசிப் பூ வாங்கினார். போர்ட் கிளாங் அப்படியில்லை. கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முதியவர்கள் இருந்தால் அன்று கப்பலிலேயே இருந்துவிடலாம்.

ஊர் விஷயத்தில் சென்னைக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலையோடு யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்கும் போனது. கோணேசர் கோயிலும் கீரிமலையும் நல்லூரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்குச் சிங்கப்பூர்ப் பாதை எதையும் ஈடாகத் தராது. அப்படி ஒரு பயணம் மறுபடி அறிவிக்கப்பட்டால், குமட்டல் தொந்தரவு இல்லாதவர்கள் யோசிக்காமல் சென்னையில் ஏறலாம்.

எந்த ஊரில் ஏறினாலும் அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். மேல் தளத்திலும் முனைகளிலும்தான் ஆட்டம் கூடுதல். பால்கனி அறையை விட அது விலையும் குறைவு.