கிரேக்க வேர்ச்சொற்களை வைத்து ஆங்கிலச் சொல்வளம்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வுக்காகத்தான் கிரேக்க வேர்ச்சொற்களைப் படிக்க ஆரம்பித்தேன். தேர்வு முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, அதற்காக உருப்போட்ட சொற்களில் பாதிக்கு மேல் மறந்தும் போய்விட்டன, ஆனால் கிரேக்க வேர்கள் மட்டும் போகவில்லை; செய்தி படிக்கும்போது, ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கும்போது, மின்னஞ்சல் எழுதும் நேரத்தில் ஒரு சொல்லின் ஸ்பெல்லிங் சந்தேகம் வரும்போது என்று இன்னமும் கைகொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. அதனால் "இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: செய்யும், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற வேலையைச் செய்யாது. "நூறு வேர் தெரிந்தால் பத்தாயிரம் சொல் தெரியும்" என்கிறார்களே, அது நடக்காது.

நடப்பது என்னவென்றால், எங்கோ ஒரு தடவை பார்த்த சொல் மறக்காமல் நிற்கிறது. 'எஃபெமரல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அற்ப ஆயுள் கொண்டது, சட்டென்று மறைவது என்று பொருள். இதைச் சொல்லும் பொருளுமாக மனப்பாடம் செய்தால் அடுத்த வாரம் காணாமல் போகும். 'ஹெமெரா' என்றால் கிரேக்கத்தில் நாள், 'எபி' என்றால் மேல், அளவில். ஆக ஒரு நாளைக்கு மட்டும் இருப்பது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் மறக்க முயன்றாலும் முடியாது. 'அனாக்ரனிசம்' அப்படித்தான், 'க்ரானோஸ்' காலம், ராஜா காலத்துக் கதையில் கைக்கடிகாரம் வந்தால் அது அனாக்ரனிசம். அதே க்ரானோஸ்தான் நாள்பட்ட நோயைச் சொல்லும் 'க்ரானிக்'கிலும், இரண்டு கருவிகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரும் 'சிங்க்ரனைஸ்'இலும் இருக்கிறது. ஏற்கெனவே அடித்திருக்கும் ஆணியில் இன்னொரு சட்டையை மாட்டுவது மாதிரி, புதுச் சொல்லுக்கு இடம் தயாராக இருக்கிறது.

தமிழ் வழியில் அறிவியல் படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: உங்களுக்கு இது பாதி தெரியும். யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை, எனக்கும் புரிய நாளாயிற்று. தெர்மாமீட்டர் வெப்பமானி, பாரோமீட்டர் காற்றழுத்தமானி, மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி, டெலஸ்கோப் தொலைநோக்கி, டெலிஃபோன் தொலைபேசி, ஐசோதெர்ம் சமவெப்பக்கோடு. பாருங்கள், கலைச்சொல் உருவாக்கியவர்கள் கிரேக்கச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு தமிழை வைத்திருக்கிறார்கள். மீட்டர் என்றால் மானி, ஸ்கோப் என்றால் நோக்கி, டெலி என்றால் தொலை, மைக்ரோ என்றால் நுண். பள்ளியில் இவற்றை மனப்பாடம் செய்த நமக்கு வேர்ச்சொல் பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, திருப்பிப் படிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆங்கில வழியிலேயே படித்தவர்கள் தெர்மாமீட்டரை ஒரே கட்டியாகத்தான் கற்றிருப்பார்கள், அதற்குள் வெப்பமும் அளவும் தனித்தனியாக இருப்பது கண்ணில் படாமலே போயிருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் காலை வாரும், '-இயல்'. பயாலஜி உயிரியல், சைக்காலஜி உளவியல், அது சரி, பேச்சு என்ற பொருள் கொண்ட 'லோகோஸ்' என்ற வேரிலிருந்து வந்த '-லஜி'. ஆனால் ஜியாகிரஃபியும் புவியியல்தான், அதில் இருப்பது எழுதுவது, வரைவது என்ற 'கிராஃப்'. அஸ்ட்ரானமி வானியல், அதில் விதி என்ற பொருள் கொண்ட 'நோமோஸ்'. ஃபிசிக்ஸ் இயற்பியல், அதில் வேறொரு விகுதி. தமிழ் எல்லாவற்றையும் ஒரே '-இயல்'இல் போட்டுவிட்டது. வேரைப் பிரித்துப் பார்த்தால் அஸ்ட்ரானமி விண்மீன்களின் விதி, ஜோதிடத்தைச் சொல்லும் அஸ்ட்ராலஜி விண்மீன்களைப் பற்றிய பேச்சு. பெயரளவில் இரண்டாவதுதான் பயாலஜி வரிசையில் வர வேண்டியது, பெயரை வைத்து ஒன்றை அறிவியல் என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, எதில் அதிகப் பயன்? சந்தேகமே இல்லை, மருத்துவச் சொற்கள். மருத்துவம் படிக்காதவர்களுக்கே இவ்வளவு உதவுகிறது என்றால் நர்சிங், பார்மசி, உயிரியல் படிப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம். '-ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி: ஹெபடைட்டிஸ் கல்லீரல், நெஃப்ரைட்டிஸ் சிறுநீரகம், ஆர்த்ரைட்டிஸ் மூட்டு, டெர்மடைட்டிஸ் தோல். '-எக்டமி' வெட்டி எடுத்துவிடுவது, '-ஆட்டமி' வெட்டித் திறப்பது, '-ஆஸ்டமி' வாய் போல ஒரு துளை அமைப்பது. இந்த மூன்றும் காதுக்கு ஒன்று போலவே கேட்கும், நோயாளிக்கோ வித்தியாசம் மிகப் பெரியது. ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் எரித்ரோசைட், லூக்கோசைட், த்ராம்போசைட் மூன்றையும் பார்த்து மிரளத் தேவையில்லை, சிவப்பு அணு, வெள்ளை அணு, உறைதலுக்கான அணு, அவ்வளவுதான். லுகேமியாவில் இருப்பது அதே வெள்ளை, கூடவே ரத்தம் என்ற '-ஈமியா'. இதயத் துடிப்பு வேகமானால் டாக்கிகார்டியா, மெதுவானால் பிராடிகார்டியா.

வலிக்கு 'ஆல்கோஸ்'. நரம்பு வலி நியூரால்ஜியா, தசை வலி மயால்ஜியா. அப்படியே போனால் நாஸ்டால்ஜியா வந்து நிற்கும்! பழைய நினைவுகளின் இனிமையைச் சொல்ல இன்று பயன்படுத்தும் அந்தச் சொல் பிறந்தது ஒரு நோயின் பெயராக: 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில், ஊரை விட்டு வந்தவர்கள் ஊர் நினைவில் உடல் நலிந்து போவதைக் குறிக்க, வீடு திரும்புதல் என்ற 'நாஸ்டோஸ்'ஐயும் வலியையும் சேர்த்து உண்டாக்கினார்.

மருத்துவத்தில் ஒரு குழப்பம் உண்டு, ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் இருக்கும். சிறுநீரகத்துக்கு ஒரு இடத்தில் 'ரீனல்', இன்னொரு இடத்தில் 'நெஃப்ரோ'. நுரையீரலுக்கு 'பல்மனரி', ஆனால் நோய் நிமோனியா. இதற்குப் பொதுவான ஒரு கணக்கு இருக்கிறது: உடற்கூறின் பெயர்கள் பெரும்பாலும் லத்தீன், நோயும் அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் கிரேக்கம். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனாலும் இது தெரிந்த பிறகு எனக்கு எரிச்சல் குறைந்தது.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த லாபம் ஸ்பெல்லிங். ஆங்கிலத்தில் ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று நாம் திட்டும் சொற்களில் கணிசமானவை கிரேக்கம் வழி வந்தவை. 'ஃப' ஒலிக்கு பி-எச், 'க' ஒலிக்கு சி-எச், சொல்லின் நடுவில் ஐ வர வேண்டிய இடத்தில் ஒய் (சிஸ்டம், சிம்ப்டம், மிஸ்டரி), ஆர்-க்குப் பின்னால் சும்மா ஒரு எச் (ரிதம், ரெட்டரிக்), வாயில் வராத பி (சைக்காலஜி, நிமோனியா). ஒரு சொல் கிரேக்கம் என்று அடையாளம் தெரிந்தால் இந்த வழக்கங்கள் வரிசையாக வந்துவிடும். கண் மருத்துவத்தைச் சொல்லும் ஆஃப்தல்மாலஜியில் பி-க்குப் பின் வரும் எச்-சைப் பலரும் விட்டுவிடுவார்கள். கண் என்ற 'ஆஃப்தல்மோஸ்'இல் ஃபை (பி-எச்), தீட்டா (டி-எச்) என்ற இரண்டு கிரேக்க எழுத்தும் அடுத்தடுத்து இருக்கின்றன, அதனால் பி-எச்-டி-எச் முழுதாக வந்தாக வேண்டும், டிஃப்தீரியாவிலும் அதே கதை. டயரியாவில் இரண்டு ஆர், ஒரு எச். 'டயா' ஊடாக, 'ரோயா' ஓட்டம், முன்னொட்டு சேரும்போது ஆர் இரட்டிக்கும். பன்மையும் இதில் சேர்த்தி: ஃபினாமினன் ஒருமை, ஃபினாமினா பன்மை, க்ரைட்டீரியன் ஒருமை, க்ரைட்டீரியா பன்மை. "ஒரு க்ரைட்டீரியா" என்று பெரிய அதிகாரிகளே எழுதுகிறார்கள், படிக்கும்போது கை துறுதுறுக்கும்.

இனி தொல்லைகள். பட்டியல் போட்டு விற்பவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரே மாதிரி தெரியும் துண்டுகள் ஒரே வேராக இருக்க வேண்டியதில்லை. பீடியாட்ரிஷன் குழந்தை மருத்துவர், அதில் இருப்பது குழந்தை என்ற கிரேக்கச் சொல். பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருப்பது கால் என்ற லத்தீன். ஹோமோஜீனியஸ் கிரேக்கம், ஒரே மாதிரி. ஹோமோ சேப்பியன்ஸ் லத்தீன், மனிதன். இசைப் பயிற்சியில் தாளம் காட்டும் மெட்ரோனோமில் இருப்பது அளவு என்ற 'மெட்ரான்', மெட்ரோபாலிஸில் இருப்பது தாய் என்ற 'மேட்டேர்', குடியேற்றங்களை அனுப்பிய மூல நகரத்தைக் கிரேக்கர்கள் தாய் நகரம் என்றார்கள். (மெட்ரோ ரயில் இந்த இரண்டாவதன் சுருக்கம், ஆக வேரைத் தோண்டினால் தினமும் தாய் ரயிலில்தான் போய் வருகிறோம்.)

இவற்றிலெல்லாம் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 'ஹைப்பர்', 'ஹைப்போ' அப்படி இல்லை. ஒன்று மேல், ஒன்று கீழ், வேகமாகச் சொன்னால் வித்தியாசமே கேட்காது, ஆனால் ஹைப்பர்கிளைசீமியா ரத்தத்தில் சர்க்கரை கூடிப்போனது, ஹைப்போகிளைசீமியா குறைந்துபோனது, இரண்டுக்கும் எதிரெதிர் வைத்தியம். இந்த ஜோடியை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

எங்கே வெட்டுவது என்பதும் சிக்கல்தான். ஹெலிகாப்டரை எல்லோரும் 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிப்பார்கள், ஹெலிபேட் என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான். உண்மையில் அது 'ஹெலிகோ', 'ப்டெர்', அதாவது சுருள், இறகு. அதே இறகுதான் டெரோடாக்டில் என்ற பறக்கும் தொல்விலங்கின் பெயரில் வாயில் வராத பி-யோடு நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இன்னொன்று உண்டு, யூகலிப்டஸும் அப்போகலிப்ஸும் சொந்தக்காரர்கள்! 'கலிப்ட்' மூடுவது. யூகலிப்டஸ் நன்றாக மூடப்பட்டது, அதன் பூமொட்டுக்கு மூடி போட்டது போல ஒரு தொப்பி இருக்கும். அப்போகலிப்ஸ் மூடியைத் திறப்பது, மறைந்திருப்பதை வெளிப்படுத்துவது. பைபிளின் கடைசிப் புத்தகத்துக்கு அந்தப் பெயர் இருந்ததால் போகப்போக உலக முடிவு என்ற பொருள் ஏறிக்கொண்டது.

வேரின் பொருளும் இன்றைய பொருளும் இப்படி விலகிப் போவது சகஜம். அணுவைச் சொல்லும் 'ஆட்டம்' என்றால் வெட்ட முடியாதது, அதைப் பிளந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆக்சிஜன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது, எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நம்பி வேதியியலாளர் லவாய்சியே வைத்த பெயர், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. ஆகவே வேரை வைத்து ஊகிக்கலாம், ஊகித்த கையோடு அகராதியைத் திறக்க வேண்டும்.

எதற்கு உதவாது என்பதையும் பார்த்துவிடுவோம். பேச்சு ஆங்கிலத்துக்கு அறவே உதவாது. கெட், புட், டேக், செட் போன்ற குட்டிச் சொற்களும் அவற்றோடு அப், ஆஃப், அவுட் சேர்ந்து செய்யும் அட்டகாசமும்தான் அன்றாட ஆங்கிலம், அதில் கிரேக்கத்துக்கு வேலையே இல்லை. பொதுவான எழுத்தில் வரும் கனமான சொற்களிலும் லத்தீன், பிரெஞ்சு வழி வந்தவையே பெரும்பங்கு. ஜிஆர்இ-யைப் பொறுத்தவரை 2011இல் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள், இப்போது கோடிட்ட இடத்தை வாக்கியத்தின் போக்கைப் பார்த்து நிரப்ப வேண்டும், வேரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. யூஃபெமிசம், ஐக்கானோகிளாஸ்ட், மிசான்த்ரோப் போன்றவை பதில் தெரிவுகளில் வந்தால் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

எப்படிப் படிக்கலாம்? அகர வரிசைப் பட்டியலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், பொருளோடு ஒட்டாத வெறும் வேர் வெறும் சத்தம்தான். ஏற்கெனவே தெரிந்த சொல்லிலிருந்து பின்னால் போங்கள். சிம்பதி தெரியுமா, அதில் 'பாத்தோஸ்' உணர்வு, துன்பம். அங்கிருந்து எம்பதி, அப்பதி, ஆன்டிபதி, பத்தாலஜி என்று குடும்பத்தைக் கூட்டுங்கள். நான் 'அங்கி' (Anki) என்ற மனப்பாட அட்டைச் செயலியில் அட்டைகள் போட்டு வைத்திருக்கிறேன், அட்டையின் முன்பக்கம் வேரை எழுதாமல் முழுச் சொல்லை எழுதுவேன், பின்பக்கம் துண்டுகளும் குடும்பத்தில் இன்னும் இரண்டு சொற்களும். சந்தேகத்துக்கு எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பு அகராதித் தளம், டக்ளஸ் ஹார்ப்பர் என்ற ஒருவர் நடத்துவது, இலவசம், ஒரு சொல்லைத் தேடப் போனால் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதுதான் குறை. ஐம்பது அறுபது வேர்கள் போதும், அதற்கு மேல் போனால் ஒரு வேருக்கு ஒரே ஒரு சொல் என்ற கணக்கில் வந்துவிடும், நேரடியாக அந்தச் சொல்லையே படித்துவிட்டுப் போகலாம். முன்னொட்டுகளை முதலில் முடியுங்கள்: அ அல்லது அன், யூ, டிஸ், சின், ஹைப்பர், ஹைப்போ, எபி, பெரி, மெட்டா, பாலி, மோனோ. இவை வரும் சொற்களுக்குக் கணக்கே இல்லை.

அறிவியல், மருத்துவம் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக ஆரம்பிக்கலாம். சரளமாகப் பேச வேண்டும் என்பதுதான் குறி என்றால் இந்த நேரத்தை வேறு எதிலாவது போடுங்கள். நான் இப்போது லத்தீன் வேர்கள் பக்கம் நகர்ந்திருக்கிறேன், 'ஸ்பெக்ட்', 'டிக்ட்', 'டக்ட்' என்று. நாளிதழ் ஆங்கிலத்துக்கு அதுதான் அதிகம் உதவும் போலிருக்கிறது, ஆனால் எழுத்துக்கூட்டில் இந்த அளவு சுவாரசியம் அதில் இல்லை.