மணலில் எச்பி எடுபடாது: டூன் பக்கி, பல குளிர்காலம் ஓட்டிய அனுபவம்

மணல்மேடுகளில் ஓட்டும் லேசான வண்டியான டூன் பக்கி வாங்கப்போகும் நண்பர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை எச்பி (குதிரைத்திறன்) வாங்கலாம்?" என்றுதான். பல குளிர்காலங்களாக ஷார்ஜாவின் அல் பதாயர் மணல்மேடுகளிலும், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அபுதாபியின் லிவாவிலும் ஓட்டிவருகிறேன். என் பதில் மாறவேயில்லை. மணலில் வண்டியைக் கரை சேர்ப்பது எடை, டயர், சஸ்பென்ஷன், காற்று வடிகட்டி. இன்ஜின் பலம் அதற்கெல்லாம் பிறகு வருவது.

என்னுடையது இரண்டு பேர் அருகருகே உட்காரும் சைட்-பை-சைட் ரகம். 1000 சிசி, இரண்டு சிலிண்டர், டர்போ கிடையாது, சுமார் 110 குதிரைத்திறன், பெல்ட்டில் ஓடும் சிவிடி (கியர் விகிதம் தானாக மாறும் அமைப்பு). செகண்ட் ஹேண்டில் எடுத்தது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் நல்லது கெட்டது எல்லாம் இந்த ரகத்தில் எந்த வண்டிக்கும் பொருந்தும்.

துபாய் - ஹத்தா சாலையில் போனவர்கள் 'பிக் ரெட்' மேட்டைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 100 மீட்டர் உயரம், இரும்பு ஆக்சைடு ஏறிய செம்மணல். வெள்ளிக்கிழமை மாலை அங்கே நின்று பார்த்தாலே பாதி பாடம் புரிந்துவிடும். இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட நிசான் பேட்ரோல் எட்டு சிலிண்டரையும் கதறவிட்டு முக்கால் மேட்டில் புதைந்து நிற்கும். பக்கத்திலேயே அதில் நாலில் ஒரு பங்கு எடையுள்ள பக்கி பெரிய சத்தமில்லாமல் மேலே போய்விடும். ஒட்டகத்தின் பாதம் போலத்தான் இந்த வண்டியின் வடிவமைப்பு முழுவதும். எடையைக் குறை, குறைத்த எடையையும் அகலமாகப் பரப்பு.

இந்த யோசனை புதிதல்ல. 1964-ல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் உறுப்புகளை எடுத்து, ஃபைபர்கிளாஸ் உடல் போட்டு 'மேயர்ஸ் மேங்ஸ்' வண்டியைச் செய்தார். பீட்டிலைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல பொறியியல் இருக்கிறது. இன்ஜின் பின்னால் இருப்பதால் எடையில் பெரும்பகுதி ஓட்டும் சக்கரங்களின் மேல் விழுகிறது, முன்பக்கம் லேசாகி மணலில் மூக்கைக் குத்தாமல் மிதக்கிறது. காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் ரேடியேட்டரும் வேண்டாம். 1967-ல் மேயர்ஸ் அதே வண்டியில் மெக்சிகோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, அதுவரை மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை உடைத்தார். உடலையே கழற்றிப்போட்டு இரும்புக் குழாய்க் கூட்டை மட்டும் வைத்த 'சேண்ட் ரெயில்' இன்னொரு வகை. 2007-ல் போலாரிஸின் ஆர்இசட்ஆர், 2016-ல் கேன்-ஆமின் மேவரிக் எக்ஸ்3 என்று கடையில் வாங்கி அப்படியே ஓட்டும் காலம் பிறந்தது. 2020 முதல் சவுதி அரேபியாவில் நடக்கும் டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பந்தயத்திலும் இந்த ரக வண்டிகளைப் பார்க்கலாம்.

டயருக்கு வருகிறேன். சாலையில் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைக்கும் பெரிய வண்டிகளை மணலுக்குள் இறக்கும்முன் 12 முதல் 15 வரை குறைப்பார்கள். பக்கியின் டயர் சாதாரணமாகவே 12-ஐ ஒட்டித்தான் இருக்கும். நான் 9 அல்லது 10-க்குக் கொண்டுவருவேன். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படிகிறது, மணலை அமுக்கி அதன் மேலேயே நடக்கிறது. அதற்கும் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டயர் விளிம்பை வளையம் வைத்து போல்ட் போட்டுப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இருந்தால் ஓரளவு துணிந்து குறைக்கலாம்.

பேடில் டயர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பின்சக்கரத்தில் குறுக்கே ரப்பர் தகடுகள் நிற்கும், மணலை வாரி வாரிப் பின்னால் எறியும். முன்சக்கரத்துக்கு மழமழவென்று நடுவில் ஒற்றை வரி மட்டும் ஓடும் டயர், மணலை வெட்டித் திரும்புவதற்காக. லிவா மாதிரி எங்கு பார்த்தாலும் மணலாக இருக்கும் இடத்தில் இந்த ஜோடிக்கு ஈடு கிடையாது. பதாயரிலோ மேட்டுக்கு மேடு நடுவே சரளைத் தரை வரும். அங்கே பேடில் டயர் உடம்பையே உலுக்கிவிடும், தகடுகளும் தேய்ந்துபோகும். போதாக்குறைக்குப் பிடிப்பு கூடக் கூட அந்தச் சுமை முழுவதும் ஆக்சிலுக்கும் பெல்ட்டுக்கும் போகிறது. அதனால் வழக்கமான நாட்களில் சாதாரண டயர், லிவா போகும்போது மட்டும் பேடில் என்று வைத்திருக்கிறேன்.

சஸ்பென்ஷன்தான் இந்த வண்டியின் உயிர். முன்சக்கரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், பின்சக்கரம் அதைவிடச் சற்றுக் கூடுதல். எல்லோரும் போய்வரும் தடத்தில் மணல் வரிவரியாகக் குவிந்து ஒரு கட்டத்தில் முழங்கால் உயர அலைகளாகிவிடும், வூப்ஸ் என்பார்கள். பெரிய எஸ்யூவி அதில் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே உள்ளே இருப்பவர்களுக்கு இடுப்பு போய்விடும். பக்கி அலையின் முதுகை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும். ஆனால் நிறுத்தாமல் ஓட்டினால் அதிர்வைத் தாங்கும் ஷாக்கின் உள்ளே எண்ணெய் சூடேறி நீர்த்துவிடும், வண்டி குதிரை மாதிரித் துள்ளத் தொடங்கும். அப்போது இறங்கி ஷாக்கின் அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் தெரியும். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். ஷாக்குகளைக் கழற்றி எண்ணெய், சீல் மாற்றும் வேலையைப் பருவத்துக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டும். டர்போ வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி இருந்தால் நல்ல ஷாக் போடலாம். எப்போது கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

மணலும் எல்லா நேரமும் ஒரே மணல் இல்லை. விடிகாலையில் பனி இறங்கி மேல்பரப்பு இறுகியிருக்கும், டயர் தடம் அச்சு வைத்தாற்போல விழும். பதினொரு மணிக்கு மேல் அதே மேடு மாவாகிவிடும். காற்று வீசும் பக்கத்துச் சரிவு அடர்த்தியாக, சாய்வாக இருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழும் செங்குத்து. காய்ந்த மணல் 32 முதல் 34 டிகிரிக்கு மேல் நிற்காது என்பதால் அந்தப் பக்கம் எப்போதும் அந்தக் கோணத்திலேயே, தொட்டால் இறங்கும் நிலையில் இருக்கும். இரண்டும் சந்திக்கும் உச்சிதான் ஆபத்தான இடம். உச்சிக்குக் கொஞ்சம் முன்பே காலைத் தளர்த்தி, மேலே சேரும்போது வேகம் தானாகக் கரைந்திருக்க வேண்டும். ஏறிய வேகத்திலேயே தாண்டினால் மறுபுறம் என்ன இருக்கிறதென்று தெரியாமல் காற்றில் பறப்போம். எதிர்ச்சரிவில் ஏறிவருபவருக்கு நாம் தெரிவதற்கு உயரக் கொடி ஒன்றுதான் வழி. கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் தரையிலிருந்து 8 அடி உயரத்துக்குக் கொடி சட்டப்படி கட்டாயம். இங்கே பலர் அதை அழகுக்குக் கட்டும் விளக்குக் கம்பியாக நினைக்கிறார்கள், அது சரியில்லை. கொடி இல்லாத வண்டியை எங்கள் குழுவில் சேர்ப்பதில்லை.

பெல்ட்தான் இந்த ரகத்தின் பலவீனம். முன்னும் பின்னுமாக இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவே ரப்பர் பெல்ட். வேகத்துக்கு ஏற்ப கப்பிகள் விரிந்து சுருங்கி கியர் விகிதத்தை மாற்றுகின்றன. ஹை, லோ என்ற இரண்டு நிலைகளைத் தவிர ஓடும்போது மாற்றுவதற்குக் கியர் இல்லாததால் மேட்டில் ஏறும்போது இழுவை விடுபடுவதே இல்லை, மணலுக்கு அது பெரிய வரம். ஆனால் பெல்ட் வழுக்கினால் சூடு, சூடேறினால் இன்னும் வழுக்கும், கடைசியில் அறுந்து நார்நாராகிப் பெட்டி முழுவதும் சுற்றிக்கொள்ளும். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் என் வண்டியைப் பார்க்கும் தென்காசித் தம்பி ஒருநாள் சொன்னார்: "அண்ணாச்சி, இங்க அறுந்து வர்றதுல பாதிக்கு மேல வேகமா ஓட்டி அறுந்தது இல்ல. ஹை கியர்ல போட்டுக்கிட்டு ஆமை மாதிரி ஊர்ந்ததுல அறுந்தது." நூற்றுக்கு நூறு உண்மை. மெல்ல ஊர வேண்டிய இடத்தில், டிரெய்லரில் ஏற்றும்போது, பின்னால் எடுக்கும்போது லோ கியர் போடுங்கள். பெல்ட் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று பொருத்திக்கொண்டால் நிம்மதி. 90 டிகிரி செல்சியஸ் நெருங்கினாலே நான் காலை எடுத்துவிடுவேன். புது பெல்ட் போட்டால் முதல் 50 கிலோமீட்டர் முழு ஆக்சிலரேட்டர் கூடவே கூடாது. சீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஸ்பேர் பெல்ட், அதற்கான கருவி, கப்பியைத் துடைக்கப் பிரேக் கிளீனர். மாற்றும்போது அறுந்த நூல் ஒன்றுகூட விடாமல் எடுத்துவிட வேண்டும். ஒரு இழை கப்பியின் பின்னால் மாட்டியிருந்தாலும் அங்கிருக்கும் ஆயில் சீலை அது பதம் பார்த்துவிடும்.

காற்று வடிகட்டி விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பாலைவனத்தில் இன்ஜினைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் மணல் அல்ல, முன்னால் போகும் வண்டி கிளப்பும் பவுடர் தூசி. அது காகித வடிகட்டியின் ஓரத்தில் கிடைக்கும் நூலிழை இடைவெளியில் நுழைந்து சிலிண்டரை உப்புத்தாள் போட்டதுபோலத் தேய்த்துவிடும். நான் வடிகட்டிக்கு மேலே எண்ணெய் தடவிய ஸ்பாஞ்ச் உறை ஒன்று மாட்டுகிறேன், வடிகட்டி உட்காரும் வாயில் மெல்லிதாகக் கிரீஸ் பூசுகிறேன். ஓட்டிவிட்டு வந்து திறந்தால் அந்தக் கிரீஸ் வளையத்தின் வெளிப்பாதி செம்மண் நிறத்திலும் உள்பாதி சுத்தமாகவும் இருக்க வேண்டும். உள்ளேயும் சிவந்திருந்தால் அன்றோடு ஓட்டம் நின்றது, காரணம் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி ஸ்டார்ட். வடிகட்டியை கம்ப்ரசர் காற்றில் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இங்கே அதிகம். காகிதத்தின் நுண்துளைகள் அதில் கிழிந்துபோகும். மாற்றிவிடுவதே மலிவு.

பாதுகாப்பில் பேரம் பேசாதீர்கள். இந்த வண்டிகள் கவிழும். அதற்குத்தான் குழாய்க்கூடு. கவிழும் நொடியில் கையை வெளியே ஊன்றப் பார்ப்பது மனித சுபாவம், கை நசுங்குவது அப்படித்தான். பக்கவாட்டு வலையும் நாலு முனை சீட் பெல்ட்டும் அந்தக் கையை உள்ளேயே வைத்திருக்கும். சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டி வழுக்கினால் ஸ்டியரிங்கைக் கீழ்நோக்கித் திருப்பி லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும், மேல்நோக்கித் திருப்பினால் உருளும். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் போலாரிஸ் நிறுவனம் 2013 முதல் 2016 வரையான மாடல்களில் சுமார் 1,33,000 ஆர்இசட்ஆர் வண்டிகளைத் தீ அபாயம் காரணமாகத் திரும்ப அழைத்தது. அதற்குள் 160-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் பதிவாகியிருந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய வண்டி எதை வாங்கினாலும் சேசிஸ் எண்ணை வைத்து இப்படித் திரும்ப அழைத்தும் சரிசெய்யாத பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் பருவம், சாலையில் ஓட்டக்கூடாது, டிரெய்லர் வேண்டும், ஒரு காலைப்பொழுதுக்கே முக்கால் டேங்க் பெட்ரோல் போகும். உண்மைதான். ஆனால் குடும்பங்களாக ஐந்தாறு எஸ்யூவிகளில் கூடாரம் அடிக்கப் போகும்போது முன்னால் போய் வழி பார்த்து, எந்த இறக்கத்தில் பாதுகாப்பாக இறங்கலாம் என்று வாக்கிடாக்கியில் சொல்வது என் பக்கிதான். புதைந்த வண்டிக்கு மண்வெட்டி, டயருக்கு அடியில் வைக்கும் ஏணிப்பலகை கொண்டுபோய்க் கொடுப்பதும் அதுதான். இழுத்து வெளியே எடுக்கும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள், அந்த எடைக்கு அது முடியாது. உப்பளம் மாதிரி உப்புப் படிந்த சப்காத் தரையில் இறங்கிவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் முழுவதும் கழுவிவிட வேண்டும், உப்பு வீல் பேரிங்கையும் ஒயர் இணைப்புகளையும் தின்றுவிடும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: ஒரு வெள்ளைத் துணி எடுத்துப் போங்கள். இன்ஜின் சத்தத்தையும் பளபளப்பையும் பார்க்கும் முன்பு வடிகட்டியைக் கழற்றச் சொல்லி, அதற்குப் பின்னால் இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்சுவரைத் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சுத்தமாக வந்தால் அடுத்து வண்டியை ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பேரிங்கோ பால் ஜாயிண்டோ ஆடினால் அது செலவோடு முடியும், பேரம் பேசலாம். குழாய்க்கூட்டின் வெல்டிங் ஓரங்களில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, பெல்ட் பெட்டிக்குள் கருகிய வாடை வருகிறதா, அதையும் பாருங்கள். இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு மீட்டரில் இருக்கும், கிலோமீட்டரையும் பாருங்கள். மணிக்கணக்கு அதிகமாக, கிலோமீட்டர் குறைவாக இருந்தால் லோ கியரிலும் ஐடிலிலும் நின்று வேலை செய்த வாடகை வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.