நாய்க்குட்டி வாங்க நான்கு வழி: நான் ஏன் வீட்டு பிரீடர் பக்கம்?

நாய்க்குட்டி வீட்டுக்கு வர நான்கு வழி உண்டு. பெட் ஷாப், இணையத்தில் விளம்பரம் போட்டு விற்கும் புரோக்கர், காப்பகத்திலிருந்து தத்தெடுப்பு, தன் வீட்டிலேயே வைத்து எப்போதாவது ஒரு ஈற்று எடுக்கும் பிரீடர். நான்கையும் விசாரித்துப் பார்த்து, கடைசியில் ஒரு வீட்டு பிரீடரிடமிருந்து லாப்ரடார் பெட்டைக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தோம். ஆகவே கீழே வருவது நடுநிலையான அலசல் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஏன் சாய்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பெட் ஷாப்புக்கு இன்று போனால் இன்றே குட்டியோடு திரும்பலாம். புரோக்கரிடம் கேட்ட இனம், கேட்ட நிறம் கிடைக்கும், பேரமும் பேசலாம். தத்தெடுப்பில் செலவு குறைவு, வீடில்லாத உயிருக்கு வீடு கொடுத்த நிறைவும் உண்டு. வீட்டு பிரீடரிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விலையும் பெரும்பாலும் கூடுதல். விலை, வேகம் இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இவர் தோற்றுவிடுவார். நிறையப் பேர் இந்த இரண்டை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

நான் பார்த்தது மூன்றாவதாக ஒன்றை. குட்டி நம் கைக்கு வரும்போது அதற்கு எட்டு வாரம் ஆகியிருக்கும், ஆகியிருக்கவும் வேண்டும். அந்த எட்டு வாரத்தை அது எங்கே, யாரோடு கழித்தது? அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த நாயோடு நாம் படப்போகும் பாட்டில் பெரும்பங்கு இதற்குள்தான் இருக்கிறது. தீனியை மாற்றலாம், டாக்டரை மாற்றலாம், பயிற்சியாளரை வைக்கலாம். போன வாரங்களை எந்த விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குட்டி பிறக்கும்போது கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. கண் இரண்டாவது வாரவாக்கில் திறக்கும். காது அதை ஒட்டி, மூன்றாவது வாரத்துக்குள். அதன்பிறகு தொடங்குகிறது விஷயம். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, முகர்கிறதோ அதையெல்லாம் உலகத்தின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலம் தாண்டியபின் புதிதாக வருவதெல்லாம் முதலில் சந்தேகத்துக்குரியவைதான். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் குழுவினர் 1950-60களில் நாய்களை வைத்து இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அங்கே நடந்த ஒரு சோதனையில், பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழக்கமே இல்லாமல் வளர்க்கப்பட்ட குட்டிகள் அதற்குப் பிறகு கிட்டத்தட்டக் காட்டு விலங்கு போலவே நடந்துகொண்டன.

இப்போது கணக்குப் போடுங்கள். மூன்றிலிருந்து பதினான்கு வரை பதினொரு வாரம். அதில் முதல் ஐந்து வாரம் பிரீடர் கையில். மிச்சம்தான் நம் கையில். கிட்டத்தட்டப் பாதி முடிந்தபிறகுதான் நாம் உள்ளே வருகிறோம்.

நாங்கள் குட்டிகளைப் பார்க்கப் போனபோது அவற்றுக்கு ஆறாவது வாரம். ஹாலில் ஒரு மூலையைத் தடுத்து வைத்திருந்தார்கள். தரையில் ஒரு பாதி ரப்பர் பாய், ஒரு பாதி வெறும் டைல்ஸ், ஓரத்தில் ஒரு கால்மிதி. கால் பழகட்டும் என்று வேண்டுமென்றே வெவ்வேறு தரை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே மிக்ஸி ஓடியது. ஏழு குட்டிகளில் இரண்டு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. மற்றவை அசையக்கூட இல்லை. ஒரு குட்டி தூக்கத்திலிருந்து எழுந்து, தள்ளாடித் தள்ளாடி எதிர் மூலையில் விரித்திருந்த செய்தித்தாள் வரை போய் மூத்திரம் இருந்துவிட்டுத் திரும்பியது.

எனக்கு அந்தச் செய்தித்தாள்தான் முக்கியம். மூன்று வாரம் ஆனதும் குட்டி, படுக்கிற இடத்தைவிட்டுத் தள்ளிப்போய்க் கழிக்கத் தொடங்கும். அது இயற்கையாக வருவது. தள்ளிப்போக இடம் இருந்தால் அந்தப் பழக்கம் உறுதிப்படும். நம் வீட்டுக்கு வந்ததும் அதன்மேல் நாம் கட்டிக்கொண்டு போகலாம். கம்பிக்கூண்டில் வளரும் குட்டிக்குப் போக இடமே இல்லை. படுத்த இடத்திலேயே கழித்து, அதிலேயே மிதித்துப் பழகிவிடும். பிறகு அதை வெளியே போகப் பழக்குவது லேசில் முடிகிற காரியமாக இருக்காது. தினம் பலமுறை தரை துடைப்பது யார் என்பதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

கடிப்பதும் இப்படித்தான். கூடப்பிறந்தவையோடு விளையாடும்போது ஒன்று பல்லை அழுத்தினால் மற்றது கீச்சிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் பால் குடிக்கும்போது கடித்தால் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தலாம் என்கிற பாடம் அங்கேதான் நடக்கிறது. 2011-ல் இத்தாலிய ஆய்வாளர்கள், 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்ட நாய்களையும் 60 நாளில் பிரிக்கப்பட்டவற்றையும் ஒப்பிட்டார்கள். சீக்கிரம் பிரிந்தவற்றிடம் பயம், அதிகக் குரைப்பு, பொருள்களைக் கடித்துக் குதறுவது, தீனியைக் காப்பதில் முரட்டுத்தனம் எல்லாம் கூடுதலாக இருந்தன. புரோக்கர் குட்டிகளில் பல ஐந்தாவது, ஆறாவது வாரத்திலேயே கைமாறுபவை. குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு அழகு, அவ்வளவு சீக்கிரம் விலைபோகும். அதனால் வயதைக் கூட்டிச் சொல்வதும் உண்டு.

பெட் ஷாப்பையும் புரோக்கரையும் நான் ஒரே வரிசையில் வைப்பதற்குக் காரணம், இரண்டு இடத்திலும் தாய் இருக்காது. பல இடங்களிலிருந்து வந்த பல ஈற்றுக் குட்டிகள் ஓரிடத்தில் சேரும். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கு இதைவிட வசதி வேண்டாம். 1978-ல் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொற்றியபின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். வாங்கும்போது துள்ளி விளையாடிய குட்டி நாலாம் நாள் வாந்தியும் ரத்தபேதியுமாகப் படுப்பது இதனால்தான். ‘ஊசி போட்டாச்சு சார்’ என்பதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறாவது, எட்டாவது வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறாவது வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசியோடு கதை முடியாது. கார்டில் மருந்தின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாயைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், சில நாடுகள் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் இடைத்தரகர் விற்க முடியாது. பிரீடர் குட்டியைப் பிறந்த இடத்தில், தாயோடு வைத்துக் காட்டியாக வேண்டும். பிரான்ஸில் 2024 ஜனவரி முதல் பெட் ஷாப்பில் நாய், பூனை விற்பனையே கிடையாது.

பார்க்கும்போது சில விஷயங்கள் குழப்பும். ஈன்று இரண்டு மாதமான பெட்டை இளைத்து, முடி கொட்டி, பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும், அது இயல்பு. பளபளவென்று, காம்பு தொங்காமல், குட்டிகள் கிட்டே வந்தாலும் கண்டுகொள்ளாத நாயைத் ‘தாய்’ என்று காட்டினால் அங்கேதான் யோசிக்க வேண்டும். உண்மையான தாய் புது ஆட்களைப் பார்த்து லேசாகக் குரைக்கலாம். கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கக் கூடாது. தகப்பன் அங்கே இல்லாவிட்டால் பதற வேண்டாம். பொருத்தம் பார்த்து வேறொருவரின் கடுவனோடு சேர்ப்பதுதான் நல்ல பிரீடர்களின் வழக்கம். வீட்டிலேயே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு பருவத்துக்குப் பருவம் ஈன விடுகிறவரிடம்தான் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும்.

ஏனென்றால் ‘வீட்டில் வளர்ந்த குட்டி’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். பெடிக்ரி பேப்பர் இருக்கிறதே என்பார்கள். அது வம்சாவளியைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. லாப்ரடார் என்றால் தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே, முழங்கை எக்ஸ்ரே, கண் பரிசோதனை, பார்வை மங்கும் நோய்க்கான மரபணுச் சோதனை ஆகியவற்றின் முடிவைக் கேளுங்கள். நாய்களின் மூட்டுப் பரிசோதனைக்குச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு, நாய்க்கு இரண்டு வயது நிறைந்தபிறகுதான் இடுப்புக்கு இறுதிச் சான்று தருகிறது. ஒன்றரை வயதுத் தாய்க்கு அந்தச் சான்று இருப்பதாக ஒருவர் சொன்னால், தேதியைப் பார்த்துவிடுங்கள். இனத்துக்கு இனம் பட்டியல் மாறும்: டால்மேஷனுக்குக் காது, டோபர்மேனுக்கும் கவாலியருக்கும் இதயம், பக் மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சு.

‘எங்கள் நாய்க்கு ஒரு குறையும் கிடையாது’ என்கிறவரைவிட, ‘இவள் இந்த நோய்க்குக் கேரியர், அதனால் சுத்தமான கடுவனோடு மட்டும் சேர்த்தேன்’ என்கிறவரை நான் நம்புவேன். கேரியர் என்றால் தனக்கு நோய் வராமல் அதன் மரபணுவை மட்டும் சுமக்கும் நாய். ஒடுங்கு மரபணுவால் வரும் நோய் என்றால், அதாவது தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் மட்டுமே வரும் நோய் என்றால், கேரியரும் கேரியரும் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் நோயோடு ஒரு குட்டியும் பிறக்காது. இடுப்பு விஷயம் அப்படி நேர்க்கணக்கு இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்தது அது, வளரும்போது எடை கூடுவதும் அதைக் கெடுக்கும். நல்ல எக்ஸ்ரே உள்ள தாய்தகப்பனுக்கும் எப்போதாவது இடுப்புக் கோளாறோடு குட்டி பிறக்கும். இங்கே எந்த பிரீடரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள்.

காப்பகத்துக்கு வருகிறேன். இங்கே என் அனுபவம் குறைவு. நண்பர்கள் வீட்டு நாய்களைப் பார்த்ததுதான். இனம் எதுவானாலும் சரி, ஒரு நல்ல நாய் வேண்டும் என்றால் நானே முதலில் காப்பகத்துக்குத்தான் போகச் சொல்வேன். அதிலும் வளர்ந்த நாயாக எடுத்தால், எவ்வளவு பெரிதாகும், குழந்தைகளோடு எப்படி, தனியாக இருக்குமா என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்துவிடும். குட்டியில் அது தெரியாது. ஏழாவது வாரத்தில் சோதனை வைத்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனைகள் வளர்ந்த நாயின் குணத்தோடு பெரிதாக ஒத்துப்போவதில்லை. காப்பகத்துக் குட்டி என்றால் என் கேள்வி அதேதான்: அந்த வாரங்கள் எங்கே போயின? தாயோடு ஒரு தன்னார்வலர் வீட்டில் வைத்து வளர்த்திருந்தால் பிரீடர் வீட்டுக் குட்டிக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

வீட்டு பிரீடர் பக்கம் இன்னும் ஒன்று உண்டு. நாங்கள் கேட்டதைவிட அவர் எங்களைக் கேட்ட கேள்விகள் அதிகம். பகலில் வீட்டில் யார், வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, ஊருக்குப் போனால் நாயை என்ன செய்வீர்கள், இதற்குமுன் வளர்த்த நாய் எப்படி இறந்தது. கடைசிக் கேள்வி கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி: எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் வளர்க்க முடியாமல் போனால் நாய் அவரிடமே திரும்ப வர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. தான் ஈன வைத்த குட்டிக்குக் கடைசிவரை பொறுப்பேற்கிறவர் வருடத்துக்கு நாற்பது குட்டி எடுக்க மாட்டார், எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால்தான் அவரிடம் வரிசை நீளம்.

அந்த வரிசையில் சேரும்போது, குட்டிகள் பிறக்கும் முன்பே ஒரு சிறு தொகை அட்வான்ஸ் கேட்பார்கள். அது வழக்கம்தான், ஏமாற்று இல்லை. ஆனால் தாயை நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நீங்கள் கேட்ட பெட்டையோ கடுவனோ அந்த ஈற்றில் வராவிட்டால் பணம் திரும்புமா, அடுத்த ஈற்றுக்கு மாறுமா என்பதை அன்றைக்கே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.