பாட்டியின் பிறப்புச் சான்றும் அயர்லாந்துக் குடியுரிமையும்

என் கணவர் லண்டனில் பிறந்தவர்; அவருடைய பாட்டி அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். அயர்லாந்துத் தீவில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ உள்ளவர்கள், அந்நாட்டு வெளியுறவுத் துறையின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து, பிரிட்டிஷ் குடியுரிமையை விடாமலேயே அயர்லாந்துக் குடியுரிமையும் பெறலாம்.

விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி அச்செடுத்து, தகுதியுள்ள ஒருவரின் முன் கையொப்பமிட்டு, மூன்று தலைமுறைக்கான மூலச் சான்றிதழ்களுடன் அஞ்சலில் அனுப்ப வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 278 யூரோ. நாங்கள் முதலில் அணுகிய ஒரு முகவர் நிறுவனம், இதைப் போல இரு மடங்கு பணம் வாங்கிக்கொண்டு, பாட்டியின் திருமணச் சான்றைக் கேட்கவே மறந்துவிட்டது. பிறப்புச் சான்றில் ஒரு குடும்பப் பெயரும் இறப்புச் சான்றில் வேறொன்றும் இருக்கையில், இருவரும் ஒருவரே என்று காட்டுவது அந்த ஒற்றைத் தாள்தான். அரசின் வழிகாட்டிப் பக்கமோ அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே முகவர் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஒன்றை மட்டும் முன்பே அறிந்திருக்கலாம் என்று வருந்துகிறேன். குடியுரிமை பதிவான நாளிலிருந்தே செல்லும் என்பதால், அதற்கு முன் பிறந்த எங்கள் மகளுக்கு இவ்வழி அடைபட்டுவிட்டது. குழந்தையை எதிர்பார்த்திருப்பவர்கள் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.