பழைய கோல்ட்டா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா: வயது பார்க்க எது தோது?

அமெரிக்காவில் பழைய போலீஸ் ரிவால்வர் ஒன்றைச் சேகரிப்புக்கு வாங்க நினைத்தால், பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் முன்னால் வந்து நிற்கும்: கோல்ட் அஃபிஷியல் போலீஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மிலிட்டரி அண்ட் போலீஸ். இரண்டும் .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டாவைச் சுடுபவை, ஆறு தோட்டா கொள்பவை. நான் வாங்கியது இரண்டாவதை. சுடுவதில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எப்போது செய்தது, நடுவில் யார் கைவைத்தார்கள் என்பதைத் துப்பாக்கியே எவ்வளவு சொல்கிறது? அதை வைத்துத்தான் முடிவெடுத்தேன். விலை ஏறுவதும் இறங்குவதும் அதில்தான்.

இனம் காண்பது சுலபம். சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் திறக்கும் குமிழைக் கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும், ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும். திறந்ததும் ஆறு அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கோல்ட் 1908-இல் ஆர்மி ஸ்பெஷல் என்று வந்து, 1927-இல் அஃபிஷியல் போலீஸ் ஆகி, 1969 வரை ஓடியது. சிலிண்டரைத் திறந்தால் சட்டத்திலேயே, அதாவது துப்பாக்கியின் உடற்பகுதியிலேயே, சீரியல் எண் தெரியும். கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் ஆண்டு வந்துவிடும். ஒரே எண் வேறு வேறு மாடல்களில் இருக்கும் என்பதால், மாடலை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆண்டு மட்டும் போதும் என்பவருக்குக் கோல்ட்தான் சுலபம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் கையில் எடுத்துப் பார்த்தது நண்பருடைய ஒரு கோல்ட்டைத்தான். அதன் உள்வேலைப்பாட்டைப் பற்றி அதற்குமேல் பேச எனக்கு அனுபவம் போதாது.

ஸ்மித் விஷயமே வேறு. சிலிண்டரைத் திறந்ததும் சட்டத்தில் ஓர் எண் தெரியும். பலர் அதையே சீரியல் எண் என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பழைய துப்பாக்கிகளில் அது தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்க்கும்போது போட்ட எண். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையான எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும்.

அந்த எண் 1899-இல் ஒன்றிலிருந்து தொடங்கி 1942-இல் பத்து லட்சத்தைத் தொட்டது. பிறகு, இதே துப்பாக்கியின் போர்க்கால வடிவமான விக்டரி மாடலில் எண்ணுக்கு முன்னால் ‘வி’ எழுத்து வந்தது. கீழே விழுந்த ஒரு துப்பாக்கி வெடித்து 1944-இல் கடற்படைக்காரர் ஒருவர் இறந்த பிறகு, தோட்டாவை அடிக்கும் சுத்தியலைத் தடுக்கும் புதுப் பாகம் சேர்த்தார்கள். அப்படிச் செய்தவற்றுக்கு ‘எஸ்வி’. போர் முடிந்ததும் வெறும் ‘எஸ்’, 1948-இலிருந்து ‘சி’. 1957 முதல் ‘மாடல் 10’ என்ற பெயரையே சிலிண்டர் திறக்கும் இடத்தில் பொறித்தார்கள்.

எண்ணே தேய்ந்து போயிருந்தால்? திருகுகளை எண்ணலாம். பழையதில் உள்வேலைப்பாட்டை மூடும் பக்கத்தகட்டில் நான்கு, டிரிகர் கார்டுக்கு (விசையைச் சுற்றிய வளையம்) முன்னால் ஒன்று, ஆக ஐந்து. தகட்டின் மேல்திருகு 1950களின் நடுவிலும், டிரிகர் கார்டுத் திருகு 1960களின் தொடக்கத்திலும் போய்விட்டன. ஒன்று கைப்பிடிக் கட்டைக்குள் மறைந்திருக்கலாம், கவனம்.

என்னை ஸ்மித் பக்கம் இழுத்தது இன்னொன்று. பழையவற்றில் அதே சீரியல் எண் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலுக்கு அடியில், சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பி படுத்திருக்கும் பள்ளத்திலும் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். கைப்பிடியில் ஓர் எண், குழலில் வேறோர் எண் என்றால் குழல் மாறியிருக்கிறது. குழலில் எண்ணே இல்லையென்றாலும் கேள்வி கேட்க வேண்டும்.

விக்டரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டனுக்குப் போனவை ஐந்து அங்குலக் குழலும், .38/200 என்ற வேறு வகைத் தோட்டாவும் கொண்டவை. போருக்குப் பிறகு பலவற்றின் அறைகளை .38 ஸ்பெஷல் நுழையும்படி கடைந்து விற்றார்கள். ஸ்பெஷல் தோட்டா நீளம், ஆனால் சற்று ஒல்லி. அகலமான அறையில் வெடிக்கும்போது அதன் கூடு உப்பும், சில நேரம் கிழியும். சுட்ட கூட்டைப் பார்த்தாலே அடிப்பக்கம் வயிறு தள்ளியிருப்பது தெரியும். அப்படிப்பட்டதை என்ன விலைக்கும் நான் வாங்க மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்மித்தில் கிடைப்பது ஏறக்குறைய ஆண்டுதான். எண் வரிசைப்படி தொழிற்சாலையிலிருந்து அனுப்பவில்லை. சரியான தேதியும் எந்த ஊருக்குப் போனது என்பதும் வேண்டுமென்றால், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷனுக்குக் கட்டணம் கட்டிக் கடிதம் கேட்கலாம். எண்கள் பொருந்தாத துப்பாக்கிக்கு அந்தச் செலவு வேண்டாம்.