மலைப்பாதை போர்டுக்கு எந்த கியூஆர் கோடு?

பூம்பாறையில் எங்கள் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். கொடைக்கானலிலிருந்து வருகிறவர்கள் கடைசித் திருப்பத்தில் வழி கேட்டுக் கூப்பிடுவார்கள். அதற்காகவே ரோட்டோர போர்டில் கியூஆர் கோடு வைத்தோம். இதுவரை மூன்று வகை வைத்துப் பார்த்தாயிற்று.

முதலில் வைத்தது டைனமிக் கோடு. நம்பர் மாறினாலும் போர்டை மாற்ற வேண்டாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் நம் நம்பரே இருக்காது; கோடு தருகிற நிறுவனத்தின் இணைய முகவரிதான் இருக்கும். அந்த சர்வர் வழிவிட்டால்தான் நம் போன் அடிக்கும். இலவசக் காலம் முடிந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு மழை இரவில் கைக்குழந்தையோடு வந்த குடும்பம் போர்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, 'சந்தா முடிந்தது' என்ற பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். மறுநாள் காலையிலேயே அதைக் கழற்றிவிட்டேன்.

அடுத்து வாட்ஸ்அப் கோடு. லொகேஷன் அனுப்ப, அறையின் படம் காட்ட இதைவிட நல்லது இல்லை. ஆனால் நெட் வேண்டும். எங்கள் வளைவுகளில் டேட்டா சுற்றிக்கொண்டே நிற்கும் இடத்திலும் சாதாரண கால் போய்விடும். அதனால் இந்தக் கோடு இப்போது வைஃபை உள்ள வரவேற்பு மேசையில் இருக்கிறது.

ரோட்டுக்கு ஏற்றது நேரடி அழைப்புக் கோடுதான். 'டெல்' (tel) என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, +91, பிறகு பத்து இலக்கம். மொத்தமே 17 குறிகள். படிக்க நெட் வேண்டாம், சந்தாவும் கிடையாது. ஸ்கேன் செய்ததும் நம்பர் திரையில் வரும், அழுத்தினால் கால் போகும். +91-ஐ விட்டுவிடாதீர்கள், வெளிநாட்டு சிம்மோடு வருகிறவர்களுக்கு அது தேவை.

உள்ளடக்கம் சிறியது என்பதால் இன்னொரு லாபமும் உண்டு. 25-க்கு 25 கட்டத்திலேயே, சுமார் 25 சதவீதம் அழிந்தாலும் படிக்கக்கூடிய 'க்யூ' நிலையில் அடித்துக்கொள்ளலாம். ஓரத்தில் பாசி ஏறிய எங்கள் பழைய போர்டு இன்னும் ஸ்கேன் ஆகிறது. வெள்ளையில் கறுப்பாக, சுற்றிலும் நான்கு கட்ட அளவு வெற்றிடம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், டார்ச் அடித்தால் கண்ணாடி போல மின்னும். காரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஸ்கேன் செய்ய 20 சென்டிமீட்டர் அளவு இருந்தால் நல்லது.

நம்பர் மாறினால் புதிதாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான் இதன் குறை. அப்புறம், கோட்டுக்குக் கீழே நம்பரையும் பெரிதாக எழுதிவிடுங்கள். எங்கள் ஊர் ஜீப் டிரைவர்கள் பலர் கையில் பட்டன் போன்தான்.