கொழுப்பு டீசல் நீண்ட ஓட்டத்தில் எப்படி?

கழிவு மாட்டுக்கொழுப்பில் செய்த ரெனியூவபிள் டீசலும் பயோடீசலும் ஒன்றல்ல. பயோடீசலில் கொழுப்பை மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்குகிறார்கள். ஆக்சிஜன் உள்ளேயே தங்கிவிடும். ரெனியூவபிள் டீசலிலோ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில், உயர் அழுத்த ஹைட்ரஜனோடு வினையூக்கியின் மேல் கொழுப்பை ஓட்டி, ஆக்சிஜனைக் கழற்றிவிடுகிறார்கள். கிடைப்பது வெறும் ஹைட்ரோகார்பன். பட்டறையில் டிரம் வைத்துச் செய்கிற வேலை அல்ல இது.

எஞ்சினில் முதலில் தெரியும் மாற்றம் ஸ்டார்ட்டிங். டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் 70ஐத் தாண்டுவதால் குளிர்ந்த எஞ்சினின் வெள்ளைப்புகையும் தட்டல் சத்தமும் குறைகின்றன. மைலேஜில்தான் கொஞ்சம் அடி. இதன் எடை லிட்டருக்குச் சுமார் 780 கிராம், சாதா டீசலுக்கோ 830க்குப் பக்கம். எனவே லிட்டர் கணக்கில் 3 முதல் 5 சதவீதம் கூடுதலாகக் குடிக்கும். இதை ஈடுகட்ட பம்ப் செட்டிங்கைத் திருகாதீர்கள். திரும்பச் சாதா டீசல் ஊற்றும் நாளில் கரும்புகை கக்கும்.

பழைய எஞ்சின்களில் பெரிய தலைவலி, மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் கசிவு. சாதா டீசலில் இருக்கும் அரோமேட்டிக் பொருள்கள் (வளைய வடிவ ஹைட்ரோகார்பன்கள்) இந்த வளையங்களின் நைட்ரைல் ரப்பரை ஊத வைக்கும். அந்த ஊதலிலேயே தேய்ந்த சீலும் பல வருடம் தாக்குப்பிடிக்கும். இந்த டீசலில் அரோமேட்டிக் கிட்டத்தட்ட இல்லை. ரப்பர் சுருங்கியதும் இன்ஜெக்ஷன் பம்ப்பின் மூட்டுகளில் ஈரம் கசியும். குற்றம் எரிபொருளுடையதல்ல, சீலின் வயதுடையது. மாறுவதற்கு முன்பே விட்டான் (ஃப்ளோரின் கலந்த ரப்பர்) சீல் போட்டுவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் எழாது.

வாங்கும்போது சோதனைச் சான்றில் கிளவுட் பாயின்ட்டை, அதாவது குளிரில் டீசல் மெழுகாகிக் கலங்கத் தொடங்கும் வெப்பநிலையைப் பாருங்கள். கொழுப்பிலிருந்து நேராக வரும் 18 கார்பன் சங்கிலி 28 டிகிரியிலேயே உறையும். சங்கிலியைக் கிளைக்க வைக்கும் ஐசோமரைசேஷன் எவ்வளவு நடந்தது என்பதே குளிரில் ஃபில்டர் அடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. மசகுத்தன்மையும் இயல்பிலேயே குறைவு; சேர்மானம் கலந்த சரக்கா என்று கேளுங்கள். மசகுச் சோதனையில் உலோகக் குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருந்தால் பம்ப்புக்குப் பயமில்லை.

பயோடீசல் அளவுக்குத் தண்ணீரை இழுக்காது, மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். ஆனாலும் டேங்க் அடியில் வியர்வை நீர் தேங்கினால் கிருமி வளர்ந்து கறுப்புச் சளி படியும். ஜெனரேட்டர் டேங்க் என்றால் மாதம் ஒருமுறை அடி வால்வைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள்.